எண்களை ஒட்டி எழுதிப் பெறும் முதன்மை எண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சாதாரண தர, உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் எனக்கு, முதன்மை எண்கள் பற்றிய பாடம் முடிந்ததும் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே கேள்விகள் வருகின்றன. இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரே எண்ணாக வாசித்தால் என்ன நடக்கும் என்பதில்தான் அவை தொடங்குகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைத் தந்து, எளியவற்றிலிருந்து கடினமானவற்றுக்குச் செல்லும் ஒழுங்கில் இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. ஒட்டி எழுதுறது எண்டால் என்ன? அது கூட்டலோ, பெருக்கலோ?

இரண்டும் சேர்ந்தது. 31ஐயும் 37ஐயும் ஒட்டினால் 3137 வருகிறது. அதாவது 31ஐ 100ஆல் பெருக்கி 37ஐக் கூட்டுகிறோம். வலப்பக்கத்து எண்ணில் எத்தனை இலக்கங்கள் உள்ளனவோ, 1இன் பின்னால் அத்தனை பூச்சியங்கள் இட்ட எண்ணால் இடப்பக்கத்து எண்ணைப் பெருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பெரும்பாலான விடைகளை நீங்களே வருவிக்கலாம். இந்தப் பக்கத்தில் 31|37 என்று நான் எழுதுவது 3137 என்ற எண்ணையே குறிக்கும்.

2. இரண்டு முதன்மை எண்ணை ஒட்டினால் வாறதும் முதன்மை எண் தானே?

இல்லை. 2|3 = 23 முதன்மை எண்; ஆனால் 3|5 = 35 = 5 × 7, 5|7 = 57 = 3 × 19. 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாமை என்பது பெருக்கலைப் பற்றிய பண்பு. ஒட்டி எழுதுவதோ இலக்கங்களை வைத்துச் செய்வது. ஒன்றிலிருந்து மற்றொன்று தானாகத் தொடர்வதில்லை. மறுதலையும் அப்படியே: 8ஐயும் 9ஐயும் ஒட்டினால் 89 என்ற முதன்மை எண் கிடைக்கிறது, ஒட்டப்பட்டவை இரண்டுமே முதன்மை எண்கள் அல்ல.

3. செய்து பார்க்காமல் முதலே "இது வராது" எண்டு சொல்ல ஏதும் வழி இருக்கோ?

இருக்கிறது. கடைசி இலக்கம் 1, 3, 7, 9 ஆகியவற்றுள் ஒன்றாக இல்லாவிட்டால் (2, 5 என்ற ஓரிலக்க எண்களைத் தவிர) அந்த எண்ணை விட்டுவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒட்டிய எண்ணின் கடைசி இலக்கம் வலப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கமே ஆதலால், இந்தச் சோதனை வலப்பக்கத்தை மட்டும் பார்க்கிறது.

அதைவிடப் பயனுள்ளது 3ஆல் வகுக்கும் சோதனை. ஒரு எண்ணை 3ஆல் வகுத்தால் வரும் மீதியும், அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை 3ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. ஆகவே ஒட்டிய எண் தரும் மீதி, ஒட்டப்பட்ட எண்களின் சாதாரணக் கூட்டுத்தொகை தரும் மீதிக்குச் சமம். எந்த ஒழுங்கில் ஒட்டினாலும் இது மாறாது. 11ஐயும் 13ஐயும் ஒட்ட நினைக்கும்போதே 24 என்ற கூட்டுத்தொகை 3ஆல் வகுபடுவதைக் காண்கிறோம். எனவே 1113உம் வகுபடும், 1311உம் வகுபடும்.

4. அடுத்தடுத்த எண்களை ஒட்டினால்?

இரண்டு எண்களானால் நிறையவே கிடைக்கும்: 23, 67, 89, 1213, 3637, 4243, 5051, 5657 என்று தொடர்கிறது. மூன்று அடுத்தடுத்த எண்களை ஒட்டினால் ஒருபோதும் முதன்மை எண் வராது, ஏனெனில் அவற்றின் கூட்டுத்தொகை எப்போதும் நடு எண்ணின் மூன்று மடங்கு. நான்கு எண்களுக்கு மீண்டும் கதவு திறக்கிறது. 4567 முதன்மை எண்.

5. ரீச்சர், அடுத்தடுத்த முதன்மை எண்களை ஒட்டிக்கொண்டு போனன், 23க்குப் பிறகு கன நேரம் ஒண்டும் வரேல்லை. ஏன்?

23க்குப் பின் வரும் முதலாவது 31|37 = 3137; அடுத்தது 83|89 = 8389; அதன் பின் 151|157. மூன்றிலும் வித்தியாசம் 6 என்பதைக் கவனியுங்கள். 3ஐ விடப் பெரிய முதன்மை எண் ஒன்றை 3ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 2. அடுத்தடுத்த இரண்டின் மீதிகள் வேறுபட்டால் அவற்றின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபட்டுவிடும். ஆகவே மீதிகள் ஒன்றாக இருக்க வேண்டும், அதாவது வித்தியாசம் 3இன் மடங்காக, இரண்டும் ஒற்றை எண்கள் ஆதலால் 6இன் மடங்காக, இருக்க வேண்டும். 11, 13 அல்லது 17, 19 போன்ற இரட்டை முதன்மை எண்களிடமிருந்து எதையும் எதிர்பார்க்க இயலாது.

வித்தியாசம் 6 ஆக இருந்துவிட்டால் போதும் என்றும் கருதக்கூடாது. 23|29 = 2329 = 17 × 137; 47|53 = 4753 = 7 × 7 × 97; 53|59 = 5359 = 23 × 233; 61|67 = 6167 = 7 × 881; 73|79 = 7379 = 47 × 157. 3இன் சோதனை, நிச்சயமாகத் தோற்பவற்றை விலக்கும். எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகத்தான் சோதிக்க வேண்டும்.

6. 3137 முதன்மை எண் எண்டதைக் கணிகருவி இல்லாமல் எப்படிக் காட்டுறது?

56 × 56 = 3136. ஆகவே 3137க்குக் காரணி இருந்தால், 56ஐத் தாண்டாத ஒரு முதன்மைக் காரணி இருந்தே ஆக வேண்டும். அவ்வாறான முதன்மை எண்கள் 16. 2, 3, 5 மூன்றும் பார்த்தவுடனேயே விலகுகின்றன. மற்றவற்றால் வகுத்தால் மீதிகள் இவை: 7க்கு 1, 11க்கு 2, 13க்கு 4, 17க்கு 9, 19க்கு 2, 23க்கு 9, 29க்கு 5, 31க்கு 6, 37க்கு 29, 41க்கு 21, 43க்கு 41, 47க்கு 35, 53க்கு 10. எதிலும் மீதி பூச்சியம் இல்லை, நிறுவல் முடிந்தது.

இந்தப் பட்டியலில் 31க்கு மீதி 6 வந்தது தற்செயலானதன்று. 31|37 என்பது 31 × 100 + 31 + 6, அதாவது 31 × 101 + 6. முதலாம் கேள்வியில் சொன்ன விரிவை எழுதிப் பார்க்கும் மாணவர்கள் அந்த வகுத்தலைச் செய்யாமலே மீதியைச் சொல்லிவிடுகிறார்கள்.

7. ஒரே எண்ணை இரண்டு தரம் ஒட்டினால், அல்லது எண்ணையும் அதைத் திருப்பி எழுதினதையும் ஒட்டினால்?

ஒரே எண்ணை இரு தடவை ஒட்டுவது வீண். ஈரிலக்க எண்ணானால் வருவது அந்த எண்ணின் 101 மடங்கு. மூவிலக்க எண்ணானால் 1001 மடங்கு, அதுவோ 7 × 11 × 13. இந்த விதிக்குத் தப்புவது 1|1 = 11 மட்டுமே.

திருப்பி எழுதி ஒட்டினால் இரட்டை எண்ணிக்கையான இலக்கங்கள் கொண்ட, இருபுறமும் ஒன்றுபோல் வாசிக்கத்தக்க எண் வருகிறது. அத்தகைய எண் எப்போதும் 11ஆல் வகுபடும். 13|31 = 1331 = 11 × 11 × 11; 37|73 = 3773 = 7 × 7 × 7 × 11. இங்கும் 11 மட்டுமே விதிவிலக்கு.

8. எங்கட தொலைபேசிக் குறியீடு 021 மாதிரி, பூச்சியத்தில தொடங்குற எண்ணை ஒட்டலாமோ?

எண்ணாகப் பார்த்தால் 021 என்பதும் 21 என்பதும் ஒன்றே. ஆகவே எண்களை ஒட்டும்போது முன்னே நிற்கும் பூச்சியத்தை எழுதுவதில்லை. இலக்கக் கோவைகளை ஒட்டுவதாக நீங்கள் விதித்துக்கொண்டால் பூச்சியத்தை வைத்திருக்கலாம், ஆனால் எந்த விதியைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விதியை நடுவில் மாற்றிக்கொண்டு ஒரே பட்டியலை இருவர் இருவிதமாக எழுதிச் சண்டையிடுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

9. பழைய வாகன இலக்கத்தகடுகளில் கோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள எண்களை ஒட்டினால் முதன்மை எண் வர எவ்வளவு வாய்ப்பு?

வீதியோரம் நின்று இதை விளையாடும் பிள்ளைகளைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். இடப்பக்கம் இரண்டு இலக்கம், வலப்பக்கம் நான்கு இலக்கம் என்று கொண்டால் வருவது ஆறு இலக்க எண். ஆறு இலக்க எண்கள் 900000 உள்ளன. அவற்றில் 68906 முதன்மை எண்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒரு தகட்டைத் தெரிந்தெடுத்தால் வாய்ப்பு 13இல் 1.

மூன்றாம் கேள்வியின் இரு சோதனைகளையும் முதலில் செய்தால் நிலைமை பெரிதும் மாறுகிறது. கடைசி இலக்கச் சோதனையில் பத்தில் நான்கு எஞ்சும். 3இன் சோதனையில் அதிலும் மூன்றில் இரண்டு எஞ்சும். மொத்தத்தில் 15இல் 4. முதன்மை எண்கள் யாவும் இந்த எஞ்சிய பகுதியிலேயே இருப்பதால், அதற்குள் வாய்ப்பு நான்கில் ஒன்றைவிடச் சற்று அதிகம். 13-5197 என்று ஒரு தகடு இருக்குமானால் அதைப் பிடித்தவர் இரு முறை வெல்கிறார்: 135197உம் முதன்மை எண், பக்கங்களை மாற்றிய 519713உம் முதன்மை எண்.

10. அப்படி எந்தப் பக்கம் மாற்றி ஒட்டினாலும் முதன்மை எண் தாற கூட்டங்கள் இருக்கோ?

இருக்கின்றன, இந்த விடயத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. 3, 7, 109, 673 என்ற நான்கு முதன்மை எண்களை எடுங்கள். எந்த இரண்டையும் எந்த ஒழுங்கில் ஒட்டினாலும் முதன்மை எண்ணே வரும்: 37, 73, 3109, 1093, 3673, 6733, 7109, 1097, 7673, 6737, 109673, 673109. ஐந்து எண்கள் கொண்ட கூட்டமும் உண்டு: 13, 5197, 5701, 6733, 8389. அதில் உள்ள 6733 என்பது முந்தைய கூட்டத்தின் 673ஐயும் 3ஐயும் ஒட்டியதால் வந்தது. 8389 என்பது ஐந்தாம் கேள்வியில் கண்ட 83|89.

இத்தகைய கூட்டத்தை நீங்களே தேடும்போது 2ஐயும் 5ஐயும் உடனே விலக்குங்கள், ஏனெனில் அவை எப்போதாவது கடைசியில் வந்து நிற்கும். 3ஐத் தவிர்ந்த மற்ற எல்லா உறுப்புகளும் 3ஆல் வகுக்கும்போது ஒரே மீதியைத் தர வேண்டும். ஒன்று 1ஐயும் மற்றொன்று 2ஐயும் தந்தால் அந்தச் சோடி கெட்டுவிடும். மேலே உள்ள இரு கூட்டங்களிலும் 3ஐத் தவிர எல்லா எண்களும் மீதி 1 தருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு நிபந்தனையால் தேடும் வேலை ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

11. இதெல்லாம் பாடத்திட்டத்தில இருக்கோ?

இல்லை. இணைந்த கணிதத்தில் வரும் கணிதத் தொகுத்தறிவும் மடக்கையும் இங்கே பயன்படும். கணித ஒலிம்பியாட் போட்டிகளுக்கு ஆயத்தம் செய்பவர்களுக்கு மீதிகளைக் கையாளும் பழக்கம் மிகவும் உதவும்.

12. 1, 12, 123, 1234 எண்டு ஒட்டிக்கொண்டே போனால் எப்பவாவது முதன்மை எண் வருமோ?

எவருக்கும் இன்னும் கிடைக்கவில்லை. ருமேனியாவில் பிறந்த ஃபுளோரென்டின் ஸ்மரண்டாச்சேயின் பெயரால் அழைக்கப்படும் இந்த வரிசையை, கடைசியில் ஒட்டும் எண் பல இலட்சம் ஆகும்வரை கணினிகளால் தேடியிருக்கிறார்கள். ஒரு முதன்மை எண்கூட அகப்படவில்லை. 1234567 = 127 × 9721. 13 வரை ஒட்டிய 12345678910111213 என்பது 113ஆல் வகுபடும். பத்து நிமிடம் ஒதுக்கி நெடுவகுத்தல் செய்து பாருங்கள், கடைசி இலக்கத்தில் 113 அப்படியே வந்து நிற்பது மனநிறைவான காட்சி.

ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு ஒரு பகுதி விளக்கம் உண்டு. 1 முதல் ஒரு எண் வரையான கூட்டுத்தொகை 3ஆல் வகுபடாதிருக்க, அந்தக் கடைசி எண் 3ஆல் வகுக்கையில் மீதி 1 தர வேண்டும். அத்துடன் 1, 3, 7, 9 ஆகியவற்றுள் ஒன்றில் முடிய வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கடைசி எண்ணை 30ஆல் வகுக்கும்போது மீதி 1, 7, 13, 19 ஆகியவற்றுள் ஒன்றாக வேண்டும். முப்பதில் நான்குதான் எஞ்சுகின்றன. சாதாரண எண்களில் 2, 3, 5 மூன்றாலும் வகுபடாதவை முப்பதில் எட்டு. எனவே இந்த வரிசை தொடக்கத்திலேயே பாதி வாய்ப்பை இழந்து நிற்கிறது.

13. கிடைக்கேல்லை எண்டால், இல்லை எண்டு தானே அர்த்தம்?

இல்லை. இந்த இடத்தில் மாணவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு பெரிய எண் முதன்மை எண்ணாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ அதன் இயற்கை மடக்கையின் தலைகீழ், அதாவது இலக்கங்களின் எண்ணிக்கையை 2.3ஆல் பெருக்கி 1ஐ அதனால் வகுத்தால் வருவது. நமது வரிசையில் எண்கள் விரைவாக நீள்வதால் வாய்ப்புகள் விரைவாகச் சுருங்குகின்றன. ஆனாலும் அந்தச் சிறு வாய்ப்புகளை எல்லாம் கூட்டினால், கூட்டுத்தொகை எல்லையின்றி வளர்கிறது. ஆகவே முடிவிலி முதன்மை எண்கள் இருக்க வேண்டும் என்றே இந்தக் கணிப்பு சொல்கிறது.

வளர்ச்சியின் வேகமோ மிக மிகக் குறைவு. கடைசியில் ஒட்டும் எண்ணைப் பத்து இலட்சத்திலிருந்து பத்து இலட்சம் மடங்கு பெருக்கி ஓர் இலட்சம் கோடிக்குக் கொண்டுபோனாலும், எதிர்பார்க்கத்தக்க முதன்மை எண்களின் எண்ணிக்கை 0.69 மட்டுமே கூடுகிறது. முந்தைய விடையில் சொன்ன பாதி இழப்பையும் சேர்த்தால் 0.35. இதுவரை கிடைக்காததில் வியப்பு எதுவும் இல்லை. இது வாய்ப்புக் கணிப்பேயன்றி நிறுவல் அன்று. உண்டு என்றும் நிறுவப்படவில்லை, இல்லை என்றும் நிறுவப்படவில்லை.

14. பின்னுக்கிருந்து 321, 4321 எண்டு ஒட்டினால்?

இங்கே கிடைத்திருக்கிறது. 82, 81, 80 என்று இறங்கி 3, 2, 1 வரை ஒட்டினால் வரும் 155 இலக்க எண் ஒரு முதன்மை எண். கடைசி இலக்கம் எப்போதும் 1 ஆதலால் அந்தச் சோதனையில் எதுவும் விலகுவதில்லை. 3இன் சோதனை மட்டுமே முப்பதில் இருபதை நீக்குகிறது. முன்னோக்கிய வரிசையில் நான்கு எஞ்சிய இடத்தில் இங்கே பத்து எஞ்சுகின்றன.

ஏறி இறங்கும் வரிசையும் அழகானது. 12345678987654321 என்பது 111111111இன் வர்க்கம், ஆகவே முதன்மை எண் அல்ல. உச்சியில் 10ஐ வைத்து 12345678910987654321 என்று எழுதினால் முதன்மை எண்!

15. முதன்மை எண்களை மட்டும் முதலிலிருந்து ஒட்டிக்கொண்டு போனால்?

2, 23 இரண்டும் முதன்மை எண்கள்; 235 = 5 × 47; 2357 முதன்மை எண்; 235711 = 7 × 151 × 223. 2357க்குப் பின்னர் நெடுந்தூரம் எதுவும் இல்லை. அடுத்தது முதல் 128 முதன்மை எண்களை, அதாவது 719 வரை, ஒட்டும்போது வரும் 355 இலக்க எண்.

இதே கோவையைப் புள்ளிக்குப் பின்னால் எழுதினால் 0.2357111317... என்ற எண் வருகிறது. எந்த இலக்கக் கூட்டத்தை எடுத்தாலும், அதே நீளமுள்ள வேறெந்தக் கூட்டமும் தோன்றும் அளவுக்கே அதுவும் இந்த எண்ணில் தோன்றும் என்பதைக் கோப்லண்டும் ஏர்டிஷும் 1946இல் நிறுவினர். 0.123456789101112... என்ற எண்ணுக்கு அதே பண்பை 1933இல் சாம்பர்நவுன் நிறுவினார்; அப்போது அவர் கேம்பிரிட்ஜில் இளமாணி மாணவர்.

16. அப்ப நிச்சயமாக நிறுவப்பட்டது எண்டு இதில ஏதும் இல்லையோ?

நல்ல இரண்டு முடிவுகள் உள்ளன. 1, 3, 7, 9இல் முடியும் எந்த எண்ணைக் கொடுத்தாலும், அதன் இடப்பக்கத்தில் ஏதேனும் ஒட்டி முடிவிலி முதன்மை எண்களைப் பெறலாம். இது 1837இல் டிரிச்லே கூட்டல் விருத்திகளைப் பற்றி நிறுவிய தேற்றத்தின் நேரடி விளைவு. அதேபோல் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதன் வலப்பக்கத்தில் ஏதேனும் ஒட்டி முதன்மை எண் பெறலாம். இது 1896இல் ஹடமாரும் தெ லா வலே பூசனும் தனித்தனியே நிறுவிய முதன்மை எண் தேற்றத்திலிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்தின் அஞ்சல் குறியீடு 40000. அதன் வலப்பக்கத்தில் 9ஐ ஒட்டினால் 400009, அது முதன்மை எண்.

இந்த இரண்டிலும் என்ன ஒட்டுவது என்பதை நாமே தெரிந்தெடுக்க இடமிருக்கிறது. 12ஆம், 15ஆம் கேள்விகளில் அந்தச் சுதந்திரம் இல்லை. அதனாலேயே அங்கே இன்றைய கணிதத்தின் கருவிகள் கைகொடுப்பதில்லை.

17. 31, 331, 3331, 33331 எல்லாம் முதன்மை எண். 3ஐ முன்னுக்கு ஒட்ட ஒட்ட எப்பவும் வரும் தானே?

333331, 3333331, 33333331 ஆகியவையும் முதன்மை எண்களே. ஏழு முறை தொடர்ந்து வந்துவிட்டால் எவருக்கும் நம்பிக்கை பிறக்கும். எட்டாவதான 333333331 = 17 × 19607843. அத்துடன் 10இன் அடுக்குகளை 17ஆல் வகுக்கும்போது மீதிகள் 16 படிகளுக்கு ஒருமுறை திரும்புவதால், இதற்குப் பின் ஒவ்வொரு பதினாறாவது எண்ணும் 17ஆல் வகுபடும். 13ஆம் கேள்வியில் கிடைக்காததை இல்லாதது என்று கொண்டார்கள். இங்கே ஏழு முறை கிடைத்ததை எப்போதும் கிடைப்பது என்று கொள்கிறார்கள். இரண்டிலும் வழு ஒன்றே.

18. பத்தில் எண்ணுறதால தானே இதெல்லாம் வருது? வேற அடியில எழுதினால்?

ஆம், எல்லாம் மாறிவிடும். அடி இரண்டில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்டு எழுதும் முறையில், 3 என்பது 11, 5 என்பது 101. 3|5 அங்கே 11101, அதாவது 29. 5|3 அங்கே 10111, அதாவது 23. இரண்டும் முதன்மை எண்கள், ஆனால் அடி பத்தில் 35 அப்படியன்று. அடி பத்தில் 11 செய்யும் வேலையை அடி இரண்டில் 3 செய்கிறது, ஏனெனில் இரண்டிடத்தும் அது அடியைவிட ஒன்று கூடிய எண். இதனால் இந்தத் துறையைச் சிலர் வெறும் வேடிக்கை என்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அடியை மாற்றும்போது எந்த விதி நிற்கிறது, எது விழுகிறது என்று பார்ப்பதே மீதிகளைப் பற்றிய நல்ல பயிற்சி.

19. கணினியில் நிரல் எழுதித் தேடப்போறன். எங்கே தொடங்க வேண்டும்?

பைதன் மொழியில் முழு எண்களுக்கு நீள வரம்பு இல்லாததால் அது வசதி. முதலில் மூன்றாம் கேள்வியின் சோதனைகள், பின்னர் சிறு முதன்மை எண்களால் வகுத்தல், அதன் பின்னரே ஃபெர்மாவின் சோதனை என்ற ஒழுங்கை மாற்றாதீர்கள். ஃபெர்மாவின் சோதனையில், சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2ஐ உயர்த்தி, அதை அந்த எண்ணால் வகுக்கிறோம். மீதி 1 வராவிட்டால் அது ஐயமின்றி முதன்மை எண் அல்ல. மீதி 1 வந்தால் மட்டும் முதன்மை எண் என்று முடிவு கட்டக்கூடாது: 341 = 11 × 31, ஆனாலும் அது இந்தச் சோதனையில் தேறிவிடும். 37765இலிருந்து 1 வரை இறங்கி ஒட்டும் 177719 இலக்க எண்ணும் இத்தகைய வலுவான சோதனைகளில் தேறிய எண்ணாகவே பதிவாகியிருக்கிறது. தனியான அமைப்பு எதுவும் இல்லாத இவ்வளவு நீளமான எண்ணுக்கு முழு நிறுவல் தருவது மிகக் கடினம்.

புதிய எண்களைத் தேடுமுன் தெரிந்தவற்றை நிரலிடம் கொடுத்துப் பாருங்கள். 4567, 8389, 12345678910987654321, 82இலிருந்து இறங்கும் 155 இலக்க எண், 719 வரை ஒட்டிய 355 இலக்க எண் ஆகிய ஐந்தையும் அது ஏற்க வேண்டும். 2329, 4753, 333333331 மூன்றையும் மறுக்க வேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலும் பெரும்பாலும் குறை ஒட்டும் பகுதியில்தான் இருக்கும்: வலப்பக்கத்து எண் 9இலிருந்து 10க்கோ 99இலிருந்து 100க்கோ போகும்போது பெருக்கும் பத்தின் அடுக்கை மாற்ற மறந்திருப்பீர்கள்.